இரவல் கால்கள்

எல்லோரும் வெள்ளை உடுத்தும் பிள்ளைகள் திருநாளான வெள்ளை ஞாயிறன்று, சாப்பாடு முடிந்து ஊர் கண்ணயரும் மதிய நேரத்தில், பெலெனீஸே கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எசேத்தாவின் வீட்டுக்குப் போனாள். தீவின் கரையோர ஊரான சாலேமோவாவில் கடலுக்கு மிக அருகில் நின்ற பழைய வீடு அது. சுவர் கிடையாது. தூண்களும் கூரையும், தரை முழுக்கத் தாழம்பாயும்தான். ஒரு பக்கம் சாலை, மறு பக்கம் மணலும் கடலும். வாசலில் எசேத்தாவின் கணவருடைய சிமெண்ட் கல்லறை. அதன் மேல் ஒரு குழந்தையின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு கல்லறைக்கு இடம் காலியாகக் கிடந்தது.

எசேத்தாவின் மூத்த மகன் கலேப்போ, ஈஸ்டருக்குச் சற்று முன்பு மீன் பிடிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. படகு கிடைத்தது. தூண்டில் கயிறுகள் கிடைத்தன. அவன் கொண்டுபோன தண்ணீர்க் கேன்கூடப் பவளத்திட்டில் வந்து ஒதுங்கியது. அவன் மட்டும் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லாததால் அழுது முடிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

வெள்ளை உடுப்பில் குடும்பமே வரிசையாக நின்றது. முன்னால் பேரப்பிள்ளைகள், பின்னால் பெண்கள், ஓரத்தில் இளைய மகன் லேவி. பெலெனீஸே கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனபோது எசேத்தா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"லேவி பக்கத்துல கொஞ்சம் எடம் விடு."

"யாருக்குப் பெரியம்மா?"

எசேத்தா கடலைப் பார்த்தாள். பெலெனீஸே மறுபடி கேட்கவில்லை. லேவி ஒரு அடி தள்ளி நின்றுகொண்டான். அந்த இடைவெளியோடு படம் எடுக்கப்பட்டது.

பெலெனீஸேயின் கடை சாலைக்கு எதிர்ப்புறம், மளிகைக் கடையை ஒட்டிய ஒற்றை அறை. படம் திருத்தும் மென்பொருளை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆக்லாந்தில் இருக்கும் தங்கை பழைய துணிகள் அனுப்பிய பெட்டியில் மூன்று தடிப் புத்தகங்களையும் போட்டிருந்தாள். டிஜிட்டல் புகைப்படக்காரர்களுக்காக எழுதிய பயிற்சிப் புத்தகங்கள். அவற்றின் படங்களில் பனி பெய்தது; பொன்னிறக் கூந்தல்காரிகள் திராட்சைத் தோட்டத்தில் சிரித்தார்கள். புத்தகம் சொல்லும் பொத்தான் பாதி நேரம் அவளுடைய கணினியில் இருக்காது. தோல் நிறத்தைச் சரிசெய்யும் பாடத்தை வரி பிசகாமல் பின்பற்றியதில், சபை மூப்பர் ஒருவர் வெந்த இறால் நிறத்தில் வந்தார். அவர் மனைவிக்கு அது பிடித்துப்போய் அந்தப் படத்தையே வாங்கிக்கொண்டு போனாள்.

மின்சாரம் போன பொழுதெல்லாம் வாசற்படியில் உட்கார்ந்து பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். அப்படிப் படித்து ஒரு வித்தையில் தேறிவிட்டாள். ஒரு படத்தில் இருப்பவரை வெட்டி எடுத்து இன்னொரு படத்தில் நிறுத்துவது. ஆக்லாந்திலும் சிட்னியிலும் வேலை செய்யும் பிள்ளைகளைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். மென்பொருளுக்குள் ஒவ்வொரு ஆளும் கண்ணாடித் தாள் போல ஓர் அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கலாம், மறைக்கலாம், நீக்கலாம்.

அதுவரை அவள் சேர்த்ததெல்லாம் உயிரோடு இருப்பவர்களை.

கலேப்போவுக்குத் தெளிவான படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. படகுக்குள் நின்று, இடுப்பில் கை வைத்துச் சிரிக்கிறான். தொடைக்குக் கீழே படகின் விளிம்பு மறைத்துவிட்டது. இதற்கும் புத்தகத்தில் வழி இருந்தது. மறைந்த பாகத்தை, அதே உடல்வாகுள்ள வேறொருவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், கால்களை யாரும் கவனிப்பதில்லை என்று எழுதியிருந்தது.

அவள் லேவியைக் கடைக்கு வரச் சொன்னாள். ஊர் ரக்பி அணியில் பந்தை வாங்கினால் கோடு தாண்டும்வரை நிற்காத பையன். அண்ணனின் அச்சு.

"கால எடுக்கத்தான் கூப்பிட்டியாக்கா? என் மூஞ்சிய எடுக்கப் போறியேன்னு முடியெல்லாம் வாரிக்கிட்டு வந்தேனே!"

"மூஞ்சிய வெச்சு நான் என்ன பண்ண? காலு போதும். அண்ணனோட வெள்ளத் துணியக் கட்டிக்கிட்டு ஜன்னல் பக்கம் நில்லு."

"இந்த ஊருலயே வேகமா ஓடுற காலு இது. எங்கண்ணன் ஓடினா ஆமை முந்திக்கும். அவனுக்குப் போய் இத..." சிரித்துக்கொண்டே பேசியவன் நிறுத்தினான். இடுப்பு முடிச்சைக் குனிந்து சரிசெய்தான். "எடுத்துக்கோக்கா. அவனுக்கு இல்லாததா."

அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர, பெலெனீஸே கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். படகில் நின்ற உடம்பையும் ஜன்னலோரம் நின்ற கால்களையும் துணி மடிப்புக்குள் சேர்த்தாள். ஒட்டு தெரியவில்லை. ஆனாலும் கலேப்போ வெட்டி ஒட்டிய காகிதம் போலப் பாய்க்கு மேலே மிதந்தான். நிழல் இல்லாதவர் தரையில் நிற்க மாட்டார் என்று புத்தகம் சொல்லியிருந்தது. மற்றவர்களின் நிழல் விழுந்த பக்கமாக அவனுக்கும் ஒன்றை மெல்ல மெல்லத் தீட்டிக்கொண்டு வந்தாள்.

நிழல் குதிகாலைத் தொட்டது.

அவன் நின்றான்.

அவள் கையைச் சுட்டியிலிருந்து எடுத்துவிட்டாள். படத்தில் அவன் பாதத்துக்கடியில் பாய் லேசாக அமுங்கியிருந்தது. அப்படி அவள் செய்யவில்லை.

அறைக்குள் நனைந்த கயிற்றின் வாடை. அதோடு டீசல், மீன் செதில். வெளியிலிருந்து வருகிறதென்று கதவைத் திறந்தாள். வெளியே மழையின் மண்வாசனை மட்டும்தான் இருந்தது.

வாடை உள்ளேயிருந்துதான் வந்தது.

படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எசேத்தா மகனின் முகத்தைக் கண்ணாடியோடு சேர்த்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு கடல் பார்த்த தூணில் மாட்டி, பூமாலை போட்டாள்.

அந்த வாரத்திலேயே எசேத்தா ஒரு தட்டு நிறைய, தேங்காய்ப் பாலில் வெந்த சேப்ப இலையோடு கடைக்கு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் தலைவாரி யாரும் பார்த்ததில்லை.

"பெலே, வெளிய சொல்லிடாதடி. காலையில எந்திரிச்சா பாயெல்லாம் ஈரம். கடல் பக்கத்துலேருந்து ஒரே கால்தடம். படத்துக்கிட்ட வந்து நிக்குது."

"புள்ளைங்க வெளையாடியிருக்கும் பெரியம்மா."

"புள்ளைங்க காலு இவ்ளோ பெருசாவா இருக்கும்?" இரு கைகளையும் அகட்டிக் காட்டிச் சிரித்தாள். "அவன் வந்துட்டாண்டி. ராத்திரி அவனுக்குன்னு தனியா ஒரு தட்டு வெக்கிறேன்."

பெலெனீஸே அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே தட்டை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் லேவி விழுந்தான். பந்தோடு ஓடிக்கொண்டிருந்தவன். பக்கத்தில் எதிரணிக்காரன் ஒருவன்கூட இல்லை. ஈரத் துணி மடிவது போலக் கால்கள் இரண்டும் மடங்கின. தலைநகர் ஆப்பியாவுக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவமனையில் படமெல்லாம் எடுத்துப் பார்த்து, எலும்பிலும் நரம்பிலும் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

பெலெனீஸே பார்க்கப் போனபோது அவன் தூணோரம் படுத்திருந்தான். ஆறுதலாகப் பாதத்தைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைப் போல இருந்தது. உள்ளங்கால் வெளுத்து, வெகுநேரம் நீரில் ஊறியது போலச் சுருங்கிக் கிடந்தது.

"தண்ணியில கால வெச்சியாடா?"

"ஒண்ணுக்குப் போகவே ரெண்டு பேரு தூக்கணும். நான் எங்கக்கா தண்ணிக்குப் போறது?"

அம்மா சமையல் கொட்டகையில் இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மரத்துப் போச்சுன்னு டாக்டரு சொல்றாரு. மரத்துப் போகலக்கா. எல்லாம் தெரியுது. அவன் நடக்குறது தெரியுது."

"யாரு?"

"பாயோட சொரசொரப்பு தெரியுது. அம்மா தூங்குற எடத்தச் சுத்திச் சுத்தி நடக்குறான். அப்புறம் மணலு. அப்புறம் தண்ணி. விடியறதுக்குள்ள திரும்பிப் போயிடுறான். மொதல்ல கணுக்கால் வரைக்கும்தான் எனக்குத் தெரிஞ்சுது. இப்ப முட்டிக்கு மேல."

பெலெனீஸே எழுந்து தூணில் இருந்த படத்தின் அருகே போனாள்.

கலேப்போ சிரித்துக்கொண்டு நின்றான். அவன் பாதங்கள் ஈரத்தில் பளபளத்தன.

பக்கத்தில் லேவி. வெள்ளைத் துணிக்குக் கீழே அவன் கால்கள் மங்கியிருந்தன.

அவற்றின் ஊடாகப் பாயின் பின்னல் தெரிந்தது.

சாலையைக் கடந்து கடைக்கு ஓடினாள். கணினியில் இருந்த படத்திலும் அப்படியே. லேவியின் காலை அவள் படியெடுத்தாளே ஒழிய, வெட்டி எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அது வேறு படத்திலிருந்து. கலேப்போ இருந்த அடுக்கை மறைத்தாள்.

எதிர்வீட்டிலிருந்து அலறல் கேட்டது.

மிருகத்தின் குரல் போல இருந்தது. லேவியின் குரல் அது. அடுக்கை மீண்டும் வெளிக்கொண்டு வந்தாள். அலறல் அறுந்து நின்றது.

அவள் திரும்பி ஓடியபோது எசேத்தா மகனின் தலையை மடியில் வைத்திருந்தாள். "திடீர்னு முட்டிக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுச்சுக்கா," என்று அவன் முனகினான். பெலெனீஸே உட்கார்ந்து, கால்களை எங்கிருந்து எடுத்தாள் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். எசேத்தா கடைசியில் கேட்டாள்.

"இப்ப என்ன பண்ணச் சொல்ற? என் புள்ளைய மறுபடி தண்ணிக்குள்ள தள்ளச் சொல்றியா?"

"இவனும் ஒங்க புள்ளதானே பெரியம்மா."

"இவன் என் கண்ணு முன்னாடி இருக்கான்டி! அவனுக்கு நிக்கிறதுக்கு வேற எடம் ஏது?"

"இருக்கட்டும்மா," என்றான் லேவி. "அண்ணன் நிக்கட்டும். எனக்கு வலியெல்லாம் இல்ல." கண்களை மூடினான். "ஆனா இன்னிக்கு அவன் பகல்லயே எறங்கிட்டான். தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சு."

எசேத்தா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். பவளத்திட்டுக்கு உள்ளே தண்ணீர் வெயிலில் அசையாமல் கிடந்தது. யாரும் இல்லை.

அவள் எழுந்து பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து, பட்டுப் போல மெல்லிய பாய் ஒன்றை எடுத்தாள். கலேப்போவின் கல்யாணத்துக்கென்று அவள் பல வருஷம் பின்னியது.

"முன்னல்லாம் கடலோட போனவங்களுக்கு இப்படித்தான் செய்வாங்க," என்றாள், யாருக்கோ சொல்வது போல. "கரையில பாய விரிச்சுப் பேரச் சொல்லிக் கூப்பிடணும். அது மேல எது ஊர்ந்து வருதோ, அதுதான் அவங்க. எடுத்துப் பொதைக்கணும்."

"போதகர் காதுக்குப் போனா?"

"போகட்டும். எனக்கு இது அன்னிக்கே தோணுச்சு பெலே. செஞ்சா அவன் செத்துட்டான்னு ஆயிடும். அதான் செய்யல."

அக்கம்பக்கத்து ஆண்கள் லேவியைத் தூக்கிக்கொண்டு வந்து பாயின் ஓரமாகக் கிடத்தினார்கள். மணல் கொதித்தது. அவர்கள் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்கள். லேவியின் வெறுங்கால்கள் அந்த மணலில் அசையாமல் கிடந்தன. எசேத்தா முழந்தாளிட்டு உட்கார்ந்தாள்.

"கலேப்போ! வீட்டுக்கு வாடா! அம்மா கூப்பிடுறேன், வாடா!"

கரை முழுக்கச் சின்ன நண்டுகள் ஓடின. பாயின் விளிம்புவரை வந்தவையெல்லாம் திரும்பிப் போயின. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் குரல் கரகரத்தது. கடல் ஏறத் தொடங்கியது.

"நெஞ்சுக்கு வந்துடுச்சும்மா," என்றான் லேவி.

அவன் மூச்சு இழுத்தது. இருமினான். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பெலெனீஸே தன் துணியால் துடைத்தாள். உப்பு வாடை அடித்தது.

எசேத்தா கூப்பிடுவதை நிறுத்தினாள். இரண்டு கைகளையும் பாயின் மேல் ஊன்றிக்கொண்டாள். மறுபடி பேசியபோது, அந்தக் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வீட்டுக்கு வர வேணாம் ராசா. நீ போயிட்ட. அம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா பக்கத்துல எடம் வெச்சிருக்கேன். வந்து படுத்துக்கோ. தம்பி கால அவன்கிட்டக் குடுத்துடு. சின்னப் பையன்டா அவன்."

அலை ஒன்று வந்து பின்வாங்கியது.

ஈர மணலிலிருந்து ஒரு நண்டு வந்தது. மற்றவற்றைப் போல் ஓடவில்லை. நின்று நின்று வந்தது. பாயின் விளிம்பில் ஏறி, நடுவுக்கு வந்து, எசேத்தாவின் கைக்கு நேராக நின்றது.

அவள் பாயின் ஓரங்களை ஒவ்வொன்றாக மடித்தாள். அது நகரவே இல்லை. மடித்த பாயை மார்போடு அணைத்துக்கொண்டு, ஈஸ்டரிலிருந்து அழுது முடிக்காத அழுகையை அழுதாள்.

அப்போது லேவி கால்களை உதறினான்.

"அம்மா... மணலு சுடுதும்மா!"

கணவனின் கல்லறைக்குப் பக்கத்தில், மாலை ஜெபத்துக்குச் சங்கு ஊதும் முன்பே, அந்தப் பாயைப் புதைத்தார்கள். போதகர் வந்தார். சாலையிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடியும்வரை நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எசேத்தா கடைக்கு வந்தாள். பெலெனீஸே படத்தைத் திறந்து, கலேப்போவின் அடுக்கைத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கும் விசையின் மேல் வைத்த விரலை எசேத்தா விலக்கினாள்.

"எதுன்னு காட்டு. நானே அழுத்துறேன்."

காட்டினாள். எசேத்தா மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அழுத்தினாள். கலேப்போ போய்விட்டான். லேவியின் கால்கள் பழுப்பாக, உறுதியாக, பின்னல் எதுவும் தெரியாமல் பாயின் மேல் நின்றன. எதிர்வீட்டில் அவன் எதற்கோ பிள்ளைகளைத் திட்டும் சத்தம் கேட்டது. எந்த அலறலும் இல்லை.

லேவி மறுபடி ஓடினான். அடுத்த வருஷம் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கும் வேலைக்கு ஆள் எடுத்தபோது அவன் பேரும் வந்தது. கடலே கண்ணில் படாத, மலைகளுக்கு நடுவிலிருக்கும் தோட்டம். அங்கிருந்து கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினான். அச்செடுத்துத் தரச் சொல்லி எசேத்தா கடைக்கு வந்தாள்.

பெலெனீஸே படத்தைப் பெரிதாக்கினாள். கூலிக்காரர்களின் குடியிருப்பு வாசலில் ஊர்ப் பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கோடைக் காலம். புல்லெல்லாம் காய்ந்து, தரை புழுதியாக வெடித்திருக்கிறது. லேவி நன்றாகச் சதை போட்டிருந்தான். வாயெல்லாம் சிரிப்பு.

அவன் செருப்புக் கால்களுக்குப் பக்கத்தில், புழுதியில், இரண்டு வெறும்பாதங்களின் ஈரத் தடம். விரல்கள் கேமராவைப் பார்த்திருந்தன. அங்கே ஆள் யாரும் இல்லை.

யோசிக்காமலே பெலெனீஸேயின் கை, கறை நீக்கும் தூரிகைக்குப் போயிற்று. பின்னாலிருந்து எசேத்தா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் எவ்வளவு நேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை.

"அந்த வேலைக்கு ஒரு தடவ கலேப்போவையும் கூப்பிட்டாங்க," என்றாள் எசேத்தா மெதுவாக. "அவங்கப்பா எறந்த வருஷம் அது. அம்மா தனியா இருப்பான்னு போகாம இருந்துட்டான்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் அந்த ஈரத்தை விரலால் தொட்டாள்.

"அழிச்சுடாதடி. அவன் ஊரப் பாத்துட்டு வரட்டும்."